கறுப்புத் திரையும் நீலத் தையலும்

இந்தக் காலத்தில் வீட்டை விட்டுப் போகிறவனுக்குக்கூட ஒழுங்காகப் போகத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒருத்தன் கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதுவான். 'என்னைத் தேட வேண்டாம்' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே எந்த ஊருக்குப் போகிறான் என்பதையும் எழுதி வைப்பான். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவான். தேடுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம். இப்போது என்னடா என்றால் போனை அணைத்துவிட்டுப் போய்விடுகிறான். பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்படி முணுமுணுத்தபடிதான் பார்சல்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைக் காத்த மனிதர். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் கட்டியிருக்கிற முடிச்சைப் பார்த்தே, கட்டினவன் அவசரத்தில் கட்டினானா அழுதுகொண்டே கட்டினானா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு தொலைந்த சாமானைத் தேடித் தரச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். பிறகு தொலைந்த ஆட்களையும் தேடச் சொன்னார்கள். சாமான்தான் மேல் என்பது அவர் அபிப்பிராயம். அது பொய் சொல்லாது.

இரண்டு படி முன்னால் அவருடைய மருமகள் தோள்பையோடு போய்க்கொண்டிருந்தாள். நாற்பது வயது, தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. வாய்க்கு மட்டும் கதவு கிடையாது.

"மாமா, மாடிக்கு ஒரு தடவை திட்டினா போதும். மூணு மாடிக்குள்ள ஏழு தடவை திட்டினா மூச்சு வாங்காம என்ன செய்யும்?"

"உன் மெஷினை நீ சரி பண்ண வேண்டியதுதானே. என்னை எதுக்கு இழுத்துட்டு வர்றே?"

"மெஷின்ல ஒரு தப்பும் இல்லை மாமா. காலையிலேர்ந்து பார்த்துட்டேன். தப்பே பண்ணாத ஆளைக் குடைஞ்சு குடைஞ்சு விசாரிக்க உங்களை விட்டா யாரு? என் கல்யாணத்துக்கு முந்தி என்னை விசாரிச்சீங்களே, அந்த மாதிரி வேணும்."

"அப்ப கொஞ்சம் குறைச்சலாத்தான் விசாரிச்சேன். தப்பு என் பேர்ல."

அவள் சிரித்தாள். "உங்களுக்கு இந்தக் கால மனுஷங்களைப் பிடிக்காது. எனக்கு அவங்க மறதியிலதான் பொழைப்பே. போன வாரம் ஒருத்தர், கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு சண்டைக்கு வர்றார். போய்ப் பார்த்தா சுவர்ல ஸ்விட்சே போடலை. நேத்துக் காலையில ஒரு நர்ஸம்மா, இடுப்புல குழந்தையோட வந்து ஒரு வயர் கேட்டாங்க. அவர் சாமானைத் தூக்கிட்டு வந்தாராம், வயரை அங்கயே விட்டுட்டாராம். 'உங்க வீட்டுக்காரர் பெரிய கெட்டிக்காரர்'னு சொன்னேன். 'இன்னும் வீட்டுக்காரர் ஆகலை, நாளைக்குத்தான் ஆகப்போறார்'னு வெட்கப்படுறாங்க."

"பேசாம ஏறு" என்றார் பார்சல்காரர்.

கதவு திறந்தே கிடந்தது. முன்னறை முழுக்க நீலத் துணி. அந்த வீட்டுத் தையல்காரம்மா ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷின் பக்கத்தில் நாற்பது சட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றுக்கும் கை வைக்கவில்லை. எந்த நாளில் வேலை நின்றது என்று கேட்கவே வேண்டியதில்லை, மகன் வீட்டை விட்டுப் போன திங்கட்கிழமையோடு சரி. இன்று புதன்.

அவள் உள்ளறை வாசலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். எடுத்ததைக் கீழே வைக்கவும் மறந்துபோன நிலை.

"ஐயா, திங்கட்கிழமை தைச்ச துணியைக் கொடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா ஆளைக் காணோம். வேலை விஷயமா போயிருப்பான்னு ராத்திரி வரைக்கும் இருந்தேன். போன் போகலை. போலீஸ் ஸ்டேஷன்ல, முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, நாலு நாள் பொறுங்கம்மான்னு சொல்லிட்டாங்க. அதுல ஒருத்தர்தான், அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க, ஏதாவது இருக்கும்னார். அதுவும் இப்படி இருக்கு."

மகனுக்கு வீட்டு வரைபடம் போடுகிற தொழில். வீட்டிலேயே உட்கார்ந்து போடுவான். அவனுடைய மேஜை சுவரை ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் ஒரு சின்னத் திரை, எண்ணெய் காய்ச்சிய சட்டி மாதிரி கறுப்பாக. எதிரே மகனுடைய சுழல் நாற்காலியில் தையல்காரம்மாவின் அண்ணன் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். கையில் கார் சாவி, குரலில் அதிகாரம்.

"வாங்க பெரியவரே. யாரோ பையனை ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இதைத் திறந்தா என்ன தெரியும்?"

"திறந்தாத்தான் தெரியும்" என்றார் பார்சல்காரர். மருமகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணினே, அதைச் சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி."

"பொத்தானை அழுத்தினா உள்ள காத்தாடி சுத்துது. ஒரு நிமிஷத்துல அது எழுந்துக்கும்போது போடுற மணிச் சத்தம் கேட்குது. எழுத்துப் பலகையில விளக்கு எரியுது, அழுத்தினா அணையுது. ஆள் உயிரோட இருக்கான், முழிச்சும் இருக்கான். முகத்தை மட்டும் காட்ட மாட்டேங்கிறான்."

"திரை போயிருக்கும்."

"கழட்டிட்டுப் போய் என் கடையில மாட்டினேன். பளிச்சுன்னு எரியுது. என் கடைத் திரையைக் கொண்டுவந்து இங்க மாட்டினேன். அதுவும் கறுப்பு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், சில சமயம் படம் மங்கலா இருக்கும், அதுவும் இல்லை. பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டி, உள்ள இருக்கிற சின்னப் பலகையை உருவி ரப்பரால தேய்ச்சுப் போட்டேன். பூ போட்டுக் கும்பிடாததுதான் பாக்கி."

"பாஸ்வேர்டு கேட்குதோ என்னமோ" என்றார் அண்ணன்காரர்.

"அது கிடையாது" என்றாள் தையல்காரம்மா. "போன வாரம்தான் எடுத்துட்டான். எனக்கு இந்தப் பொத்தானைக் காட்டி, 'அம்மா, ஏதாவது வேணும்னா இதை ஒரு தடவை அழுத்து, போதும்'னான். எனக்கு இதுல என்ன வேணும்னு சிரிச்சேன்." பொத்தானைக் காட்டினாள். "மூணு நாளா அழுத்திட்டே இருக்கேன் ஐயா."

பார்சல்காரர் பெட்டியையே பார்த்தார். பூட்டை உடைத்தவனை அவருக்குத் தெரியும், பெட்டி மாற்றியவனைத் தெரியும். விளக்கு எரிந்தும் வாய் திறக்காத ஒரு பெட்டியை அவர் என்ன செய்ய முடியும்? மிரட்டவா?

அதனால் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். கொக்கியில் இரண்டு ஹேங்கர் காலி. சவரப் பெட்டி இல்லை. கட்டில் போர்வை நாலு மடிப்பாக மடித்து வைத்திருந்தது. கடத்திக்கொண்டு போனவர்கள் போர்வை மடித்து வைக்க விடமாட்டார்கள். இவன் தானாகப் போனவன், நிதானமாகப் போனவன்.

"இதைத் திறந்தா பழசெல்லாம் தெரியுமா? பேசினது எல்லாம்?" என்று மறுபடி கேட்டார் அண்ணன்காரர்.

பார்சல்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைத் தொலைத்தவன் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பான். உள்ளே என்னென்ன தெரியும் என்று கேட்கிறவன், தானும் அதில் ஏதோ வைத்தவன். முப்பத்தொரு வருஷத்தில் பார்த்த பார்வை அது. மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு மேஜையின் விளிம்பில் கன்னத்தை வைத்தார்.

"தூக்கம் வந்தா கட்டில் இருக்கு மாமா" என்றாள் மருமகள்.

"சும்மா இரு. மூட்டை இருந்த இடத்தைத் தூசிதான் சொல்லும்." பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சின்னத் திரை நின்ற இடத்துக்கு வலது பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, இன்னொரு வட்டம். பெரிய வட்டம். சுற்றிலும் பழைய தூசி, வட்டத்துக்குள் மூன்று நாள் தூசி. "இங்க ஒண்ணு நின்னுட்டு இருந்திருக்கு. இதைவிடக் கனமானது. என்ன அது?"

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "அதுவா? பெரிய திரை. ரெண்டு வச்சிருந்தான். அதைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பான்னு நினைச்சேன்."

மருமகள் நிமிர்ந்தாள். "அக்கா, ரெண்டு திரையா? காலையிலேர்ந்து நான் இங்கதானே குப்புறப் படுத்துக் கிடக்கேன். சொல்லவே இல்லையே."

"நீ இந்தத் திரையைப் பத்தித்தானே கேட்டே. அதுவும் இது எப்பவுமே கறுப்பாத்தான் இருக்கும். வாசல்ல வர்றவங்க கண்ணுல படுதுன்னு இதை அணைச்சுட்டு, அந்தப் பெரிசுலதான் வேலை பார்ப்பான். நான் நடுவுல வந்தாக்கூட அதைக் கொஞ்சம் திருப்பிக்குவான்."

மருமகளின் வாய் திறந்து, ஒரு வார்த்தையும் வராமல் மூடிக்கொண்டது. பார்சல்காரர் அதைக் கவனித்தார். அவர் வீட்டில் அது அபூர்வமான காட்சி.

"என்ன?" என்றார்.

"படம் இங்க வரலைன்னு தேடிட்டு இருந்தேன் மாமா. படம் வந்துட்டுத்தான் இருக்கு. வேற எங்கயோ போகுது. ஆனா அந்தத் திரையைத்தான் தூக்கிட்டுப் போயாச்சே. அது கழண்டுச்சுன்னா மெஷின் தானா இந்தப் பக்கம் வந்துடும். வராம இருக்கணும்னா..." அவள் தரையில் உட்கார்ந்தாள். "அதோட வயர் இன்னும் பின்னால மாட்டியிருக்கணும். நடுவுல ஒரு மாத்துக்கட்டை, அதான் அடாப்டர், இருந்தா, அந்த முனையில ஆள் இல்லாட்டியும் மெஷினுக்குத் தெரியாது. இருக்காங்கன்னு நினைச்சு அனுப்பிட்டே இருக்கும். ஆனா வயர் எதுவும் தொங்கலையே."

தொங்காததற்குக் காரணம் இருந்தது. பெட்டி மேஜைக்குக் கீழே ஒரு மர அடுக்குக்குள் சுவரோடு ஒட்டி நின்றது. அதன் பின்னாலிருந்து வந்த வயர்கள் எல்லாம் ஒரு நீலத் துணி உறைக்குள் நுழைந்து, மேஜைக் காலோடு சேர்த்துத் தைக்கப்பட்டு மேலே வந்தன. தலையணை உறை தைக்கிற மாதிரி, நெருக்கமான தையல். பெட்டியை இழுத்தால் ஒரு சாணுக்கு மேல் வராது.

"வயர்ல தூசி அடையுதுன்னு சொன்னான்" என்றாள் தையல்காரம்மா. "மிச்சத் துணியில தைச்சுப் போட்டேன். எல்லாத்தையும் சேர்த்து."

"காலையில இதைப் பிரிக்கலாம்னு கேட்டேன். அக்கா வேண்டாம்னுட்டாங்க" என்றாள் மருமகள்.

"அவன் வந்தா கோவிச்சுக்குவானோன்னு..."

பார்சல்காரர் குனிந்தார். முழங்கால் இரண்டும் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்வது அவருடைய தொழில். உறையைக் கீழிருந்து விரலால் அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு வயர், இரண்டு வயர், மூன்று. மேலே வாய்ப் பக்கம் வந்தபோது மூன்றில் ஒன்று வெளியே வரவில்லை. விரலுக்கடியில் சதுரமாக ஒன்று தட்டுப்பட்டது.

"உள்ள ஒரு தலை இருக்கு. வெளியில இருந்ததை யாரோ திருப்பி உள்ள தள்ளியிருக்காங்க."

எல்லோரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். அவள் கையில் கத்தரிக்கோல் இருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, வேறு யாரையும் தொட விடாமல், தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். ஒவ்வொரு நூலாக. துணியைக் கிழிக்கவில்லை. நாற்பது சட்டை கையில்லாமல் காத்திருக்க, இந்த ஒரு முழத் துணிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் பார்சல்காரருக்குத் தாங்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உறை வாயைப் பிளந்தது. கறுப்பு வயர், முனையில் இரண்டு சின்னத் திருகாணி. எந்தத் திரையிலும் மாட்டியிராத முனை. மருமகள் அதைப் பிடித்துக்கொண்டே பெட்டியின் பின்பக்கம் கையை விட்டாள். பல்லைக் கடித்தாள். மாத்துக்கட்டை 'டக்'கென்று கழன்றது.

கறுப்புத் திரை ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. பிறகு வெளுத்தது.

அது ஒரு வீட்டு வரைபடம். வெள்ளைப் பரப்பில் மெல்லிய கோடுகள். வாசல், கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை. ஓரத்தில் ஒரு அறைக்கு மட்டும் சன்னமான நீல நிறம் போட்டிருந்தது. அதற்குள் தையல் மெஷின் மாதிரி ஒரு சின்னப் படம். எழுத்து: 'அம்மா. தையல் அறை. ஜன்னல் வடக்குப் பக்கம். மதியத்துக்கு மேல் கண் கூசாது.'

வரைபடத்துக்குக் கீழே, வீட்டுச் சொந்தக்காரர் பெயர் போடுகிற கட்டத்தில், பெயருக்குப் பதில் ஒரு கடிதம்.

"படி" என்றார் பார்சல்காரர்.

மருமகள் படித்தாள். முதல் வரியிலேயே அவளுடைய வழக்கமான குரல் ஓடிப்போய்விட்டது.

"அம்மா, நேரில் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் நீ பொத்தானை அழுத்தியதும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகிறேன். மாமா எல்லாம் சொன்னார். குழந்தையோடு இருக்கிறவளைக் கட்டினால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று நீ சொன்னதாகச் சொன்னார். உன் வாயால் நான் கேட்கவில்லை. அதனால் இன்னும் முழுசாக நம்பவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகம். நீ வந்தால் வாசலில் நிற்பேன். வராவிட்டால் மாமா சொன்னது உன் வார்த்தைதான் என்று எடுத்துக்கொள்வேன். அதுவரை போனை அணைத்து வைக்கிறேன். உன்னைக் கெஞ்சிச் சங்கடப்படுத்த மாட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால்.

எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள், ஆனால் ஒருவராலும் முடியவில்லை. மூன்று நாளும் இந்தக் கடிதம் அவள் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. அவள் அழுத்திய ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, இல்லாத ஒரு திரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள் தையல்காரம்மா. சத்தமே போடவில்லை. "நான் எப்ப சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான் சொன்னேன். அவனைவிட நாலு வயசு மூத்தவ. உன்கிட்ட கேட்டாலும் நீ அதைத்தான் சொல்லியிருப்பே."

"கேட்டியா?"

"இதுல கேட்க என்ன இருக்கு?"

"எழுந்திரு. அது அவன் நாற்காலி."

அண்ணன்காரர் எழுந்தார். கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பார்சல்காரரைப் பார்த்து, ஆம்பளைக்கு ஆம்பளை என்கிற மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்ன தெரியும்னு கேட்டுட்டே இருந்தீங்களே" என்றார் பார்சல்காரர். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. படி இருட்டா இருக்கும், பார்த்து இறங்குங்க."

அவர் போன பிறகும் தையல்காரம்மா தரையிலேயே இருந்தாள். பிரித்த நூலை எல்லாம் பொறுக்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிருக்கும் இல்லையா ஐயா? பதினோரு மணின்னா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். வாசல்ல நின்னுருப்பான்." மகனுடைய போனுக்கு மருமகள் ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். அணைத்தே கிடந்தது. எங்கே போய்த் தேடுவது? அவனைக் கட்டியவளின் பெயர்கூட இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போது மருமகள் தன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். கூர்ந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, குழந்தையோட ஒரு பொண்ணு. சாமானைத் தூக்கிட்டு வந்து வயரை விட்டுட்ட ஆள். நாளைக்குத்தான் வீட்டுக்காரர் ஆகப்போறார்."

"உன்கிட்ட வயர் வாங்கினவளா?"

"இதே மாதிரி வயர். ரெண்டு திருகாணி, இதே நீளம். நான்தான் வித்தேன், ஜோக்கு வேற அடிச்சேன்." தோள்பையைத் தரையில் கவிழ்த்தாள். திருப்புளிகள், ரப்பர், டார்ச், கடைசியில் ஓரம் நைந்த ஒரு புத்தகம். வயர் ஆறு மாதத்துக்குள் கெட்டுப்போனால் மாற்றித் தருவதற்காக எழுதி வைக்கிற உத்தரவாதச் சீட்டுப் புத்தகம். போன் நம்பர் இல்லாமல் அவள் சீட்டுக் கொடுப்பதில்லை. "இருக்கு."

நம்பரை அழுத்தி, போனைத் தையல்காரம்மாவின் கையில் கொடுத்தாள். மணி போனது. ஒரு பெண் குரல் எடுத்தது, பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்... அவனோட அம்மா" என்றாள் கடைசியில்.

போன் கை மாறியது. மகனுடைய மூச்சு கேட்டது. 'அம்மா' என்று அவன் சொல்லவில்லை. காத்திருந்தான்.

"கறுப்பா இருந்துச்சுப்பா" என்றாள் அவள். "பொத்தானை அழுத்தினேன். அழுத்திட்டேதான் இருந்தேன். கறுப்பாவே இருந்துச்சு."

இதைவிட நம்ப முடியாத ஒரு சமாதானத்தைப் பார்சல்காரர் தன் வேலைக் காலம் முழுக்கக் கேட்டதில்லை. இது உண்மை என்று தெரிந்த அவரே, அந்தப் பக்கம் நின்றிருந்தால் போனை வைத்திருப்பார்.

பிறகு அவன் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "அந்த வயர் உன் தையலுக்குள்ள மாட்டியிருந்துச்சும்மா. பிரிக்க மனசு வரலை. அப்படியே உள்ள தள்ளிட்டு வந்துட்டேன்."

"நான் பிரிச்சுட்டேன்பா. கிழிக்காமதான் பிரிச்சேன்."

"ஜன்னல் பார்த்தியா?"

"பார்த்தேன். வடக்குப் பக்கம்."

அதற்கு மேல் இருவரும் அழுதார்களா பேசினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருமகள் பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். பார்சல்காரரும் வந்தார். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா வாசலுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருவதாகச் சொன்னான் என்றாள். கல்யாணம் அவள் இல்லாமலே நடந்துவிட்டது. அவள் முதல் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது மருமகளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "என்ன மாமா, இப்பவாவது மெஷினை நம்புறீங்களா? அது பாவம், மூணு நாளா கத்திட்டே இருந்திருக்கு. கேட்கத்தான் ஆள் இல்லை."

"அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கொடு."

"எதுக்கு?"

"கொடு."

இரண்டாம் மாடி ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, எழுத்துக் கூட்டி, விரலை வைத்துப் படித்தார். செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால்.

"வயரை விட்டுட்டு வந்தது அவனுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையில. அதான் வாங்க அனுப்பிட்டானே."

"உள்ள தள்ளினது அவன்தான். அந்தப் பெரிய திரையிலதான் படம் வர்ற மாதிரி வச்சிருந்ததும் அவன்தான். வயர் இங்க மாட்டியிருந்தா இந்தத் திரை கறுப்பாத்தான் இருக்கும்னு அவனுக்குத் தெரியாதா? நீ ஒரு நொடியில கண்டுபிடிச்சே."

"கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆச்சு மாமா."

"ரெண்டு திரைன்னு தெரிஞ்ச பிறகு?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நேத்துப் பத்தே காலுக்கும் இன்னிக்குப் பதினொண்ணுக்கும் நடுவுல ஒரு முழு நாள் இருக்கு" என்றார் அவர். "போனைத் திறந்து ஒரு வார்த்தை. ஒரு துண்டுக் காகிதம். எதுவும் வரலை. சொன்ன மாதிரியும் ஆகணும், அவங்க வந்துடவும் கூடாதுன்னா எப்படி வைப்பான் அந்தக் கடிதத்தை?"

"கல்யாண அவசரம் மாமா. அந்தக் குழப்பத்துல யாரு வயரைப் பத்தி யோசிப்பா? பாஸ்வேர்டை எடுத்து வச்சிருக்கான். அறைக்கு நீலம் அடிச்சிருக்கான். தையலைப் பிரிக்க மனசு இல்லாத பிள்ளை."

"இருக்கலாம்."

"நம்பலையா?"

"போர்வையை நிதானமா நாலா மடிச்சு வச்சவன் அவன்."

மேலேயிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே சீராக.

"மேல போய் அக்காகிட்ட இதைச் சொல்லணுமா மாமா?" என்றாள் மருமகள் மெதுவாக.

"யாருக்கு வந்த பார்சலோ அவங்க வாங்கிக்கிட்டாங்க. உள்ள என்னன்னு சொல்றது நம்ம வேலை இல்லை."

புத்தகத்தை அவள் பைக்குள் போட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி படியாக இறங்கினார். "நம்புங்க மாமா, ஒரு தடவையாவது" என்று பின்னாலிருந்து அவள் சொன்னது கேட்டது. அவர் திரும்பவில்லை. தெருவுக்கு வந்ததும் ஒரு தரம் அண்ணாந்து, தையல்காரம்மா உட்கார்ந்து தைக்கிற அந்த மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தார். மதிய வெயில் அதில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கண் கூசியது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தார்.